வீட்டுத் தோட்டத்தில் பிள்ளையின் பிறந்தநாள்: அழைப்பு முதல் காலி பாட்டில் வரை

பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஓட்டல் ஹால் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர், பாகாயம், தொரப்பாடி பக்கம் தனி வீடுகளுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கும். ஒரு தென்னை, ஒரு முருங்கை, துவைக்கிற கல், துணி காயப்போடும் கொடி. இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் ஒரு மாலை முழுக்கச் சந்தோஷமாக இருக்க அந்த இடம் தாராளம்.

விருந்து முடிந்ததும் கண்ணில் படுவது பாட்டிலும் டின்னும் கப்பும்தான். அவை மறுசுழற்சிக்குப் போகுமா, தெருமுனைக் குப்பையோடு எரியுமா என்பது மறுநாள் காலையில் முடிவாகிற விஷயம் இல்லை. கடையில் எதை வாங்குகிறோம், காலியானதைப் பிள்ளைகள் எங்கே போடுகிறார்கள் என்ற இரண்டிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடும். அதனால்தான் விருந்து ஏற்பாட்டையும் பாட்டில் வேலையையும் பிரிக்காமல் சேர்த்தே எழுதுகிறேன்.

தேதி, நேரம், ஆட்கள்

பிறந்தநாள் எந்தக் கிழமையில் வந்தாலும் விருந்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வு மாதங்கள். அப்போது பிறந்த பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்த பிறகு வைப்பதுதான் நல்லது, வருகிற நண்பர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

நம் ஊர் வெயிலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சகஜம். அந்த மாதங்களில் மாலை ஆறுக்கு முன் யாரையும் வெளியே உட்கார வைக்காதீர்கள். மற்ற மாதங்களில் நாலரை மணிக்குத் தொடங்கலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் பகலெல்லாம் காய்ந்துவிட்டு மாலையில் திடீரென இடியோடு மழை பிடிக்கும். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. அந்த நாட்களில் ஷாமியானாவை மட்டும் நம்பக்கூடாது. ஹாலில் சோபாவை ஓரம் தள்ளினால் எத்தனை பேர் உட்கார முடியும் என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

யாரை அழைப்பது என்பது பிள்ளையின் முடிவு. ஆனால் வருகிறவர்களின் பெற்றோரிடம் ஒரு பெரியவர் போனில் பேச வேண்டும். மூன்று விஷயம் கேட்டால் போதும்: சைவமா அசைவமா, சாப்பாட்டில் ஏதாவது ஒத்துக்கொள்ளாதா, இரவு யார் வந்து கூட்டிப் போவார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். இந்த வயதில் அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆற்காடு ரோட்டில் வந்து நிற்கிற பிள்ளைகள் உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர்கள் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். “தயவுசெய்து வண்டி கொடுத்து அனுப்பாதீங்க, நாங்களே கொண்டுவந்து விடுறோம்” என்று சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தோட்டத்தைத் தயார் செய்வது

ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். முதலில் தென்னை. முற்றிய காய், பழுத்த மட்டை எல்லாவற்றையும் ஆளை வைத்து இறக்கிவிட வேண்டும். அப்போதும் நாற்காலியைத் தென்னைக்கு நேர் கீழே போட வேண்டாம். கிணறோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் மூடி உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டில் ஓடி விளையாடும் பிள்ளைகள் கீழே பார்த்து ஓட மாட்டார்கள். கல், மரக்கட்டைக் குவியல் கிடந்தால் பகலிலேயே, காலில் செருப்போடு, ஒரு கம்பால் தள்ளிப் பார்த்து ஒதுக்குங்கள். மலையடிவாரத்து வீடுகளில் தேளும் பாம்பும் புதிதல்ல.

அடுத்து கொசு. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு என்று தண்ணீர் நிற்கும் எதையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் ஒரு வாரம் முன்பே என்கிறேன்.

சீரியல் செட் போடுவதாக இருந்தால் வயரைத் தரையில் இழுக்காமல் கொடிக் கம்பியை விட்டுத் தள்ளி, தலைக்கு மேல் கட்டுங்கள். இணைப்புப் பெட்டி ஈரத் தரையில் கிடக்கவே கூடாது. கரண்ட் போனால் சமாளிக்க ஒன்றிரண்டு சார்ஜ் லைட் இருக்கட்டும்.

அலங்காரத்தில் சட்டமும் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத்துக்கான தெர்மாகோல், 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர் எல்லாவற்றுக்கும் தடை. துணித் தோரணம், காகிதப் பூ, மாவிலை, சாமந்திச் சரம் போதும். புகைப்படத்திலும் அவைதான் அழகாக விழும்.

சாப்பாடு

வேலூரில் உட்கார்ந்துகொண்டு பீட்சா ஆர்டர் செய்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆம்பூர் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. பிரியாணி மாஸ்டர்களுக்கு நம் ஊரிலேயே குறைவில்லை. சீரகச் சம்பா அரிசிப் பிரியாணி, எண்ணெய்க் கத்தரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி. ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று கணக்கு சொல்வார்கள். பதினாறு வயதுப் பையன்கள் அதிகம் என்றால் ஆறு பேர் என்று வையுங்கள். 25 பேருக்கு நாலு கிலோ அரிசி சரியாக இருக்கும். சைவப் பிள்ளைகளுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. கத்தரிக்காய்க்கு அணைக்கட்டு பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளு கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. எண்ணெயில் வதங்கும்போது தோல் குழையாமல் சதை மட்டும் வெண்ணெயாக இறங்கும்.

பரிமாற வாழையிலை அல்லது பாக்குமட்டைத் தட்டு. இலையும் எலும்பும் மிச்சச் சோறும் ஒரே வகைக் குப்பையில் போகும். தட்டு பிளாஸ்டிக்காக இருந்தால் யாராவது எண்ணெய்க் கையோடு அதை வழித்துப் பிரிக்க வேண்டும். அந்த யாராவது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

குடிக்க என்ன, எதில்

விருந்தின் குப்பை இங்கேதான் உருவாகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். வெளியே விளையாடும் பிள்ளைக்கு நாலு மணி நேரத்தில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வேண்டும். அரை லிட்டர் பாட்டிலாக வாங்கினால் தலைக்கு மூன்று, 25 பேருக்கு 75 பாட்டில். அதிலும் பாதி குடித்துவிட்டு “என் பாட்டில் எது?” என்று புதிதாக ஒன்றை உடைப்பார்கள். நடைமுறையில் நூறைத் தொட்டுவிடும். வீட்டுக்குக் கேன் போடும் தம்பியிடமே இரண்டு 20 லிட்டர் கேன் கூடுதலாகச் சொல்லுங்கள். நாற்பது லிட்டர் தண்ணீர், குப்பை பூஜ்யம்; கேன் திரும்பிப் போய்விடும். வெயில் மாதம் என்றால் ஒரு மண்பானையில் ஊற்றி வையுங்கள். ஐஸ் போடாமலே தொண்டைக்கு இதமாக இருக்கும்.

கூல்டிரிங்க்ஸ் இல்லாமல் இந்த வயதுப் பிள்ளைகள் விடமாட்டார்கள், சரி. ஆளுக்கு 200 மில்லி வீதம் இரண்டு தம்ளர் என்றால் பத்து லிட்டர். இரண்டு லிட்டர் பாட்டில் ஐந்து வாங்கினால் முடிந்தது. அதையே 250 மில்லி பாட்டிலாக வாங்கினால் நாற்பது. அளவு ஒன்றுதான், கையாள வேண்டிய பாட்டில் எட்டு மடங்கு.

எனக்குப் பிடித்த வழி கண்ணாடி பாட்டில். கோலி சோடா, பன்னீர் சோடா போடும் சிறு கம்பெனிகள் சில பகுதிகளில் இன்னும் இருக்கின்றன. கிரேட்டோடு கொண்டுவந்து வைத்து, காலி பாட்டிலை எண்ணி எடுத்துப் போவார்கள். உருக்கவோ அரைக்கவோ வேண்டாத மறுபயன்பாடு இது. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற கோலி பாட்டில் நம் ஊரில் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு, கழுவி மறுபடி நிரப்ப முடிந்ததும் ஒரு காரணம். கோலியை உள்ளே தள்ளும்போது வரும் சத்தத்துக்காகவே பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். முன்பணம் எவ்வளவு, பாட்டில் உடைந்தால் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இவற்றோடு வீட்டிலேயே இரண்டு பானம் கலக்கலாம். ஒன்று நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்தது. இன்னொன்று இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்ட நீர்மோர். பிரியாணிக்குப் பிறகு மோர்தான் முதலில் காலியாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை நுங்கு கிடைக்கும் காலம். ரோஸ்மில்க்கில் நுங்கை வெட்டிப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

சரி, எதில் ஊற்றிக் கொடுப்பது? உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பை வாங்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பொருட்களில் பிளாஸ்டிக் கப், தெர்மாகோல் கப், உறிஞ்சுகுழல் ஆகியவற்றோடு அதுவும் உண்டு. பேப்பரும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கிடப்பதால் பழைய பேப்பர் கடையிலும் அதை எடுப்பதில்லை, உரக்குழியிலும் முழுதாக மக்காது. வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் தம்ளர் நாற்பது எடுத்து வந்துவிடுங்கள். தம்ளர் மாறிப்போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி, பக்கத்தில் பேனா வையுங்கள். பிள்ளைகளே பெயரோ பட்டப்பெயரோ எழுதிக்கொள்வார்கள். பெயர் எழுதிய தம்ளரைக் கடைசிவரை தூக்கிக்கொண்டு திரிவார்கள், இரண்டாவது தம்ளர் எடுக்க மாட்டார்கள்.

காலியானதற்கு ஓர் இடம்

பான மேசையிலிருந்து இரண்டு எட்டு தூரத்தில், கொடிக் கம்பியிலோ நாற்காலி முதுகிலோ மூன்று சாக்குகளை வாய் திறந்தபடி கட்டுங்கள். அதற்கு மேல் தள்ளினால் யாரும் நடந்து வந்து போட மாட்டார்கள். சாக்கில் “பிளாஸ்டிக்”, “உலோகம்” என்று எழுதுவதை விட, ஒரு காலி பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலை ஒரு சாக்கின் வெளியே கயிற்றில் தொங்கவிடுங்கள், அடுத்ததில் ஒரு அலுமினிய டின், மூன்றாவதில் ஒரு ஜூஸ் அட்டைப்பெட்டி. இருட்டிலும் புரியும், யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை. கண்ணாடி பாட்டிலுக்குச் சாக்கு கிடையாது; அது நேராகக் கிரேட்டுக்குள் போக வேண்டும்.

சாக்குகளுக்கு முன்னால் ஒரு வாளி. மிச்சம் மீதியை அதில் ஊற்றிவிட்டுத்தான் பாட்டிலைப் போட வேண்டும். மொத்த ஏற்பாட்டிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இந்த வாளியை வையுங்கள். கால் பாட்டில் கோலா சாக்கில் சாய்ந்தால் எல்லாம் பிசுபிசுக்கும், எறும்பு மொய்க்கும், மறுநாள் அதைத் தொட யாருக்கும் மனசு வராது. அப்படியே கட்டிக் குப்பையில் போடத்தான் தோன்றும். வாளிக்குப் பக்கத்தில் மூடிகளுக்கு ஒரு சின்ன டப்பா.

இலை, எச்சில் சாப்பாட்டுக்கான கூடை சாப்பிடும் இடத்தில், பாட்டில் சாக்குகளிலிருந்து தள்ளி இருக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிரியாணி எப்படியும் பாட்டில் சாக்குக்குள் வந்துவிடும்.

வேலூர்ப் பகுதியில் சி. சீனிவாசன் வளர்த்தெடுத்த, கழிவை வளமாகப் பார்க்கும் திட, திரவ வள மேலாண்மை முறையின் அடிப்படையும் இதுதான்: குப்பை கலந்து நாறுவதற்கு முன், புதிதாக இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். பிரித்தால் பொருள், கலந்தால் குப்பை.

இந்த வேலைக்குப் பிறந்தநாள் பிள்ளையைப் போடாதீர்கள், அன்றைக்கு அவன் ராஜா, அவள் ராணி. தம்பியோ தங்கையோ சித்தப்பா பையனோ ஒருவரிடம், “கடையில் போட்டு வரும் காசு முழுக்க உனக்கு” என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் நீங்கள் மேற்பார்வை பார்க்க வேண்டியிருக்காது.

அன்று மாலை

விளையாட்டை அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஷட்டில் பேட், கேரம் போர்டு, ஒரு ஸ்பீக்கர் இருந்தால் போதும். பெரியவர்கள் பார்வையில் இருக்க வேண்டும், நடுவில் உட்காரக் கூடாது; அடுப்படி ஜன்னல் சரியான தூரம்.

கேக் வெட்டும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். நுரை ஸ்ப்ரேயை யாரும் வீட்டுக்குக் கொண்டுவரவே விடாதீர்கள். அதில் தீப்பற்றும் வாயு இருக்கும். எரியும் மெழுகுவத்திக்கு நேரே அடித்தால் ஒரு நொடியில் முகத்திலும் முடியிலும் பிடித்துக்கொள்ளும். அலங்காரக் கேக்குக்குள் தாங்குகுச்சி செருகியிருப்பார்கள், அதனால் முகத்தைக் கேக்கில் அழுத்தும் விளையாட்டும் கூடாது. பிறந்தநாள் அடி என்று ஆளைத் தூக்கிப்போட்டு உதைப்பதும் கூடாது. பட்டாக்கத்தியில் கேக் வெட்டி வீடியோ போட்ட பையன்கள் மீது நம் மாநிலத்தில் வழக்குப் பதிவான செய்திகளைப் பார்த்திருப்பீர்கள்; வேடிக்கைக்காகக் கூட வேண்டாம். இதையெல்லாம் அன்றைக்குக் கூட்டத்தில் சொன்னால் பிள்ளைக்கு அவமானமாக இருக்கும். முதல் நாளே தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.

பாட்டு பத்து மணிக்குள் நிற்க வேண்டும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை. பக்கத்து வீட்டுக்குக் காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லி, மாலையில் ஒரு டப்பா பிரியாணி கொடுத்துவிட்டால் அப்புறம் எந்தப் பிரச்சினையும் வராது.

இரவும் மறுநாள் காலையும்

இரவு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாளியில் சேர்ந்த இனிப்புத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள். செடிக்கு ஊற்றினால் வேரில் எறும்பு சேரும். இலைக் கூடையை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் நாய்கள் இழுத்துத் தெருவெல்லாம் பரப்பிவிடும். சாக்குகளின் வாயைக் கட்டி, மழை படாத இடத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

காலையில் பாட்டிலை அலச வேண்டும். நம் ஊரில் தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள் குழாயைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாகக் கழுவ மாட்டார்கள். ஒரு தம்ளர் தண்ணீரை முதல் பாட்டிலில் ஊற்றி, மூடிபோட்டு நாலு குலுக்கு குலுக்கி, அதே தண்ணீரை அடுத்த பாட்டிலில் ஊற்றுங்கள். நாலைந்து பாட்டில் தாண்டியதும் தண்ணீர் பழுப்பாகிவிடும், அப்போது மாற்றினால் போதும். சோப்பு வேண்டாம். பளபளவென்று இருக்க வேண்டிய அவசியமில்லை. சர்க்கரை போனால் சரி. பிறகு மூடியில்லாமல் கவிழ்த்து, மதியம் வரை வெயிலில் விடுங்கள்.

மூடியைத் தனியாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. பாட்டில் பெட் எனும் பிளாஸ்டிக், மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். ஒரு பக்கெட் தண்ணீரில் பெட் துண்டு ஒன்றையும் மூடி ஒன்றையும் அமுக்கிவிட்டுப் பாருங்கள்: பெட் அடியில் போய்விடும், மூடி மேலே வந்து மிதக்கும். மறுசுழற்சி ஆலையிலும் பாட்டிலை அரைத்துத் தண்ணீரில் விட்டு இப்படித்தான் பிரிக்கிறார்கள். ஆகவே ஒன்றிரண்டு மூடி பாட்டிலோடு போய்விட்டால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் மூடி இறுக்கிய பாட்டிலில் ஈரம் அடைபடும், நசுக்கவும் முடியாது. லேபிளைக் கிழித்துவிடுங்கள். சில லேபிள்கள் பிவிசியாக இருக்கும். பெட் உருகும் சூட்டில் பிவிசி கருகி மொத்தச் சரக்கையும் கெடுத்துவிடும்.

எது எங்கே போகும்

பெட் பாட்டில்களை நசுக்கிச் சாக்கில் கட்டி, பழைய பேப்பர் கடையிலோ காயலான் கடையிலோ போடுங்கள். எடைக்குத்தான் விலை என்பதால் நசுக்கினாலும் காசு குறையாது. அரை லிட்டர் பாட்டில் பத்து முதல் இருபது கிராம்தான் இருக்கும்; ஒரு கிலோ சேர ஐம்பது பாட்டிலுக்கு மேல் வேண்டும். ஐந்தாறு பாட்டிலுக்காகக் கடைக்கு அலையாமல் வீட்டில் சேர்கிற மற்ற பாட்டில்களோடு வைத்திருந்து மாதத்துக்கு ஒருமுறை போடலாம். இவற்றில் பெரும்பகுதி பாலியஸ்டர் நூலாகி, துணியாகவும் தலையணைப் பஞ்சாகவும் திரும்பி வருகிறது.

அலுமினிய டின்னுக்கு கிலோ விலை பெட்டை விடப் பல மடங்கு. தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதை விடப் பழையதை உருக்கினால் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சம், அதனால்தான் அந்த மதிப்பு. பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம், ஒட்டினால் தகரம், அது வேறு சாக்கு. யாராவது ஸ்ப்ரே டின் கொண்டுவந்திருந்தால் அதை எதிலும் சேர்க்காதீர்கள், நசுக்கவும் கூடாது, உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும். தூய்மைப் பணியாளரிடம் இன்னது என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

ஜூஸ் அட்டைப்பெட்டிதான் சிக்கல் பிடித்தது. முக்கால் பங்கு காகித அட்டை, மீதி பிளாஸ்டிக், மெல்லிய அலுமினியத் தாள் என்று ஒட்டுப்போட்ட பொருள். பெரும்பாலான காயலான் கடைகளில் வாங்க மாட்டார்கள். முனைகளைப் பிரித்து, அலசி, தட்டையாக்கி, காயவைத்து மக்காத குப்பையோடு கொடுங்கள். முடிந்தால் வாங்காமலே இருப்பது நல்லது.

கண்ணாடியில் கிரேட்டுக்குப் போக வேண்டியது போய்விடும். உடைந்ததைத் தினத்தாளில் இரண்டு சுற்று சுற்றி, மேலே “கண்ணாடி” என்று பெரிதாக எழுதி, கையில் கொடுங்கள். கையுறை இல்லாமல் குப்பையைக் கிளறும் அக்காவின் விரலை நினைத்துக்கொண்டால் இந்த இரண்டு நிமிட வேலை பெரிதாகத் தெரியாது.

இளநீர் வாங்கியிருந்தால் மட்டையை நாலாகப் பிளந்து மரத்தடியில் கவிழ்த்துப் போடுங்கள், ஈரம் காக்கும். முழுதாக விட்டால் கொசுவுக்கு வீடு. எதையும் தோட்டத்து மூலையில் சருகோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். லேபிளும் தெர்மாகோலும் எரியும் புகை பிள்ளைகளின் மூச்சுக்குள்தான் போகும். கால்வாயில் தள்ளினால் மழைக்கு அது பாலாற்றில் போய் நிற்கும்.

மூன்று நாள் கழித்து ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். மல்லிச் செடிக்குப் பின்னால், மோட்டார் ரூம் ஓரத்தில், காம்பவுண்ட் சுவர் மேல் என்று நாலைந்து பாட்டில் எப்படியும் மாட்டும். பாதி மழைத் தண்ணீரோடு நின்றால் கொட்டிக் கவிழ்த்து, சாக்கில் சேர்த்துவிடுங்கள். வாடகைத் தம்ளரை எண்ணித் திருப்பும்போது ஒன்று குறைந்தால், அதுவும் அங்கேதான் கிடக்கும்.